கரும்பலகைக் கோடுகளில் பிறந்த விளையாட்டு

1960களின் பிற்பகுதி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மியூரியல் சாண்டர்ஸ் என்ற ஆசிரியையின் நான்காம் வகுப்பில் 24 பிள்ளைகள். அவர்களில் ஏழு பேர் பலமுறை தலைமையாசிரியரிடம் அனுப்பப்பட்டவர்கள். நிமிடம் நிமிடமாகக் குறித்துப் பார்த்ததில், கணக்கு வகுப்பின் 96 சதவீத நிமிடங்களில் யாராவது அனுமதியின்றிப் பேசினார்கள். 82 சதவீத நிமிடங்களில் யாராவது இடத்தைவிட்டு எழுந்தார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்துப் பரிசு கொடுக்கலாம். ஆனால் பாடமும் நடத்திக்கொண்டு ஒரே ஆள் 24 கணக்கை எப்படிப் பார்ப்பது? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரியட் பேரிஷ், மான்ட்ரோஸ் உல்ஃப் ஆகியோருடன் சேர்ந்து சாண்டர்ஸ் கணக்கை இரண்டாகக் குறைத்தார். வகுப்பு இரண்டு அணிகளானது. விதிகள் முன்கூட்டியே சொல்லப்பட்டன. யார் மீறினாலும் அவருடைய அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. குறைவான கோடு வாங்கிய அணிக்கு வெற்றி. இரண்டு அணியுமே ஐந்தைத் தாண்டாவிட்டால் இரண்டுக்கும் வெற்றி. ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்றே தீர வேண்டியதில்லை.

பரிசுக்குப் பெரிய செலவில்லை. வெற்றி அட்டை, பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம், மதிய உணவு வரிசையில் முதலிடம், நாள் முடிவில் அரை மணி நேரம் விருப்பப்படி செலவிடும் உரிமை. பெரும்பாலும் பள்ளியிடம் ஏற்கெனவே இருந்தவைதான்.

விளையாட்டு தொடங்கியதும், கணக்கு வகுப்பில் பேச்சு 19 சதவீதத்துக்கும், எழுந்து திரிவது 9 சதவீதத்துக்கும் இறங்கின. இது தற்செயலா என்று அறிய, கணக்கு வகுப்பில் விளையாட்டை நிறுத்திவிட்டு வாசிப்பு வகுப்பில் தொடங்கினார்கள். அங்கே சத்தம் அடங்கியது, இங்கே திரும்பியது. இரண்டிலும் நடத்தியதும் இரண்டும் அடங்கின.

எல்லாரும் மசியவில்லை. ஒரு மாணவன், தான் விளையாடப் போவதில்லை என்று அறிவித்தான். அணியே அவனுக்காகத் தண்டனை அனுபவிப்பது நியாயமில்லை என்று, அவனையும் இன்னொருவனையும் பிரித்துத் தனியாகக் கணக்கு வைத்தார்கள். கூட்டுப் பொறுப்புக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை இந்த விளையாட்டு பிறந்தபோதே கற்றுக்கொண்டது.

1969இல் மூவரும் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பேர் ‘நன்னடத்தை விளையாட்டு’. 1980களில் ஷெப்பர்ட் கெல்லமின் குழு பால்டிமோர் நகரத்து முதல் வகுப்புகளில் இதை நடத்தி, அந்தப் பிள்ளைகளை இளமைப் பருவம்வரை பின்தொடர்ந்தது. சிறுவயதில் முரட்டுத்தனம் மிகுந்திருந்த பையன்களுள், இதை விளையாடியவர்களிடம் போதைப் பழக்கச் சிக்கல் குறைவாக இருந்தது.