போட்டி

சென்னையிலிருந்து திருப்பாலைவனம், பழவேற்காடு வரை சாப்பாட்டுக் கடைகளில் ஆட்டுக்குடல் வறுவலுக்குப் ‘போட்டி’ என்றே பெயர். பந்தயத்தைக் குறிக்கும் போட்டிக்கும் இதற்கும் உறவில்லை. உருதுவில் இச்சொல் எந்த இறைச்சித் துண்டையும் குறிக்கும்; தெலுங்கு வழக்கில் குடல் என்று சுருங்கியது. ஆந்திர எல்லையோரத்து நமக்கும் அந்தப் பொருளே. நம் பழைய சொல் குடர். பந்தர் பந்தலானதுபோல் குடர் குடலாயிற்று. மதுரைப் பக்கம் இன்றும் குடல் குழம்புதான். சிங்கப்பூரில் தியோச்சியூ சீனர் பன்றிக்குடலும் ஈரலும் இட்டுக் காய்ச்சும் தெளிந்த சாற்றையும் ‘குடல் சூப்’ என்றால் தமிழருக்கு உடனே விளங்கும். பேச்சில் போட்டி இருக்கட்டும். கடைப் பலகையில் ‘குடல் வறுவல்’ என்று கூச்சமின்றி எழுதுவதையே நான் விரும்புகிறேன்.