தலசீமியா: கரையில்லா ஊரில் கடலின் பெயர்

தலசீமியா என்றதும் தமிழ்க் காது அதில் ‘தலை’யைப் பிடித்துக்கொள்ளும். நோய் முற்றிய பிள்ளையின் புடைத்த நெற்றியைக் கண்டவர்களுக்கு அந்தப் பொருத்தம் இன்னும் உறுதிப்படும். ஆனால் சொல்லுக்குள் இருப்பது கடல். கிரேக்கத்தில் ‘தலஸ்ஸா’ கடல், ‘ஹைமா’ இரத்தம்.

முதலில் வந்த பெயர் வேறு. 1925இல் டெட்ராயிட் குழந்தை மருத்துவர் தோமஸ் கூலி, பேர்ள் லீயுடன் சேர்ந்து, கடும் சோகையும் பருத்த மண்ணீரலும் எலும்பு மாற்றங்களும் கொண்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். நோய் ‘கூலி சோகை’ ஆயிற்று. (தோட்டத்துக் கூலிக்கும் இதற்கும் உறவில்லை, அது மருத்துவரின் குடும்பப்பெயர்.) 1930களில் அமெரிக்க மருத்துவர்கள் ஜோர்ஜ் விப்பிளும் வில்லியம் பிராட்ஃபோர்டும் கடலைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அப்போது அறியப்பட்ட நோயாளிகள் பெரும்பாலும் இத்தாலிய, கிரேக்கக் குடும்பத்தினர். ஆகவே மத்தியதரைக் கடல். சோகைக்கான கிரேக்கச் சொல்லின் முன்னால் ‘இன்மை’யைக் காட்டும் ஓர் ஒட்டு உண்டு. புதுச் சொல்லில் அது உதிர்ந்துபோக, மிஞ்சியது ‘கடலிரத்தம்’. எது குறைகிறது என்பதைப் பெயர் சொல்லவே இல்லை.

குறை ஈமோகுளோபினில். அதன் புரதச் சங்கிலிகளில் ஒன்று போதிய அளவு உருவாகாததால், சிவப்பணுக்கள் பல என்பு மச்சையிலேயே மடிகின்றன. உடல் மேலும் மேலும் கேட்க, மச்சை பெருக்கிறது. மண்டையோட்டின் இரு தகடுகளுக்கு இடையிலுள்ள பஞ்சுப்பகுதி அகன்று, வெளித்தகடு மெலிகிறது. எக்ஸ்ரேயில் மயிர் குத்திட்டு நிற்பதுபோலக் கோடுகள் தெரியும். நெற்றியும் கன்ன எலும்பும் புடைக்கும், மேல்தாடை முன்தள்ளும், மூக்குத்தண்டு அமிழும். அந்த முகத்தைப் பார்த்துப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைப்பது கொடுமை. சிறுவயதிலிருந்தே ஒழுங்காக இரத்தம் ஏற்றினால் மச்சையின் வேகம் தணியும். முகம் இவ்வளவு மாறாது. ஏற்றிய இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றவும் மருந்து வேண்டும்.

இந்த நோய் காணப்படும் இலங்கையின் மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. ஆனால் தம்புள்ளை, கலேவெலப் பக்கம் நெடுங்காலம் மலேரியா மண். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த நோய்க்கான மரபணுவைப் பெற்றவர் மலேரியாவைத் தாங்கி நிற்பார் என்ற கருத்தை 1949இல் மரபியலாளர் ஹோல்டேன் முன்வைத்தார். மத்தியதரைக் கரைகளிலும் மலேரியா இருந்தது. கடல் வெறும் அயல். என்னைக் கேட்டால், நுளம்பின் பெயரே இதற்குப் பொருந்தும். அடுத்த மாவட்டமான குருநாகலில் நாட்டின் முக்கியமான தலசீமியா நிலையம் இயங்குகிறது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது. மரபணு மட்டும் குடும்பங்களில் தங்கிவிட்டது: தாயும் தகப்பனும் அதைத் தாங்கியவர்களானால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கலியாணத்துக்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.