துப்பாக்கியில் மாற்றம் செய்தல் (மலேசியச் சட்டம்)

தற்காப்புக்கென வைத்திருக்கும் துப்பாக்கியின் அமைப்பை மாற்றுவது, பினாங்கின் ஜெலுத்தோங் உள்ளிட்ட மலேசியப் பகுதிகளில் உரிமையாளரையே குற்றவாளியாக்கிவிடக்கூடும். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதை மிக விரிவாக வரையறுக்கிறது. சுடத்தக்கது மட்டுமன்றி, சுடுமாறு மாற்றியமைக்கத் தக்கதும் ஆயுதமே. உதிரிபாகமும் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் துணைக்கருவியும் அதில் அடங்கும். எனவே துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதால், தனியே வாங்கிப் பொருத்திய ஒலியடக்கிக்கும் அனுமதி உண்டு என எண்ணுவது ஆபத்தான தவறு.

லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருந்தால், ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் (அதிகரித்த தண்டனைகள்) சட்டத்தின் கீழ் சிறை 14 ஆண்டு வரை நீளும், பிரம்படியும் உண்டு. அனுமதியின்றித் துப்பாக்கி தயாரிப்பதற்கு இதைவிடக் கடுமையான தண்டனை உண்டு.

தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை ஏற்கின்றன. தேவைக்கு மீறிய தீங்கை 99ஆம் பிரிவு ஏற்பதில்லை. தாக்கியவனைச் சுட்டது நியாயமென்று ஏற்கப்பட்டாலும், சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்த குற்றம் தனியே நிற்கும்.

இச்சட்டங்களின் கடுமையைப் பினாங்கு நேரில் கண்டது. கைத்துப்பாக்கி வைத்திருந்த 14 வயதுச் சிறுவனுக்கு 1977இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அந்தத் தண்டனை குறைக்கப்பட்டதால்தான் அவன் உயிர் தப்பினான். 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வழக்கறிஞர் கர்பால் சிங் மரண தண்டனையை உறுதியாக எதிர்த்தவர். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது.