முன்சிலுவைத் தசைநார் அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வு

முன்சிலுவைத் தசைநார் அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வு என்பது, முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்து, அதன் இடத்தில் வேறொரு நாண் ஒட்டாகப் பொருத்தப்பட்ட விளையாட்டு வீரர், அறுவை நாள் முதல் மீண்டும் களமிறங்கும் நாள் வரை மேற்கொள்ளும் படிப்படியான பயிற்சிகளையும் சோதனைகளையும் குறிக்கும். இத்தசைநார் விளையாட்டு வட்டாரங்களில் ஏசிஎல் என்னும் சுருக்கப்பெயரால் அறியப்படுகிறது. பேச்சு வழக்கில் 'லிகமெண்ட் கிழிந்துவிட்டது' என்று கூறப்படுவது பல வேளைகளில் இதனையே ஆகும். அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும்; மறுவாழ்வோ 9 மாதங்கள் முதல் ஓராண்டு வரையும், சிலருக்கு அதற்கு மேலும் நீளும். வலியும் வீக்கமும் நீங்கி வீரர் தாம் நலமடைந்துவிட்டதாக உணரும் காலமும், ஒட்டு உண்மையில் வலுப்பெறும் காலமும் ஒன்றல்ல என்பதே இம்மறுவாழ்வின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

தசைநாரும் அதன் காயமும்

எலும்பை எலும்புடன் இணைப்பது தசைநார். தசையை எலும்புடன் இணைப்பது தசைநாண். தமிழ் நூல்களில் இவ்விரு சொற்களும் சிலவேளை இடம் மாறி வழங்குகின்றன. இக்கட்டுரையில் அவை மேற்கூறிய பொருளிலேயே ஆளப்படுகின்றன.

முழங்கால் மூட்டின் நடுவே இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சிலுவை வடிவில் அமைந்துள்ளன. அவற்றுள் முன்னுள்ளது ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுடையது. கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பின் அடியில் முன்னோக்கி நழுவாமலும், அளவுக்கு மீறித் திருகாமலும் காப்பது இதன் பணி. நேர்க்கோட்டில் நடப்பதற்கு இது இன்றியமையாததன்று. ஓடும்போது சட்டெனத் திரும்புவதற்கும், துள்ளி இறங்குவதற்கும், திடீரென நிற்பதற்கும் இதன் தேவை மிகுதி. கால்பந்து, கூடைப்பந்து, பனிச்சறுக்கு, கபடி முதலிய விளையாட்டுகளில் இக்காயம் அதிகம் காணப்படுவது இதனாலேயே.

பெரும்பாலான காயங்கள் எதிராளி மோதாமலேயே நேர்கின்றன. காயம் நேர்ந்த தருணத்தின் ஒளிப்படக் காட்சிகளை ஆராய்ந்தவர்கள், பாதம் தரையைத் தொட்ட பின் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள்ளேயே தசைநார் அறுந்துவிடுவதாகக் கணித்துள்ளனர். விழிப்புடன் எதிர்வினை ஆற்ற இது போதாத நேரம். 'பட்' என்ற ஒலியும், சில மணி நேரத்திற்குள் மூட்டில் குருதி கசிந்து வீங்குவதும் வழமையான அறிகுறிகள். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் ஏற்படும் வீதம் இருமடங்குக்கும் மேல் என ஆய்வுகள் காட்டுகின்றன.

அறுந்த எல்லோருக்கும் அறுவை தேவை என்பதில்லை. சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், உடனடி அறுவை செய்துகொண்டவர்களுக்கும், முதலில் பயிற்சியை மட்டும் தொடங்கித் தேவைப்பட்டால் பின்னர் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் குழுவைச் சேர்ந்த 59 பேரில் 36 பேர் அந்த இரண்டு ஆண்டுகளில் அறுவை செய்துகொள்ளவே இல்லை. எனினும் திரும்பலும் திருகலும் மிகுந்த போட்டி விளையாட்டுகளுக்கு மீள விரும்புவோருக்குப் பொதுவாக அறுவையே பரிந்துரைக்கப்படுகிறது.

வரலாறு

அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைத்துச் சரிசெய்யும் அறுவையை 1895 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆர்தர் மேயோ இராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குச் செய்தார். 1917 இல் பிரிஸ்டல் நகரின் எர்னஸ்ட் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புற இழைப்பட்டையை எடுத்துப் புதிய தசைநாராகப் பொருத்தினார். 1980 களில் மூட்டு அகநோக்கி வழியாகச் சிறு துளைகள் இட்டு அறுவை செய்யும் முறை பரவியது.

அறுவை முன்னேறிய அளவுக்கு மறுவாழ்வு முன்னேறவில்லை. அக்காலத்தில் அறுவைக்குப் பின் முழங்காலை மடக்கிய நிலையில் மாவுக்கட்டுப் போட்டுப் பல வாரங்கள் அசையாமல் வைத்தனர். ஒட்டு காப்பாற்றப்பட்டது, ஆனால் மூட்டு இறுகி, தொடை மெலிந்து, காலை முழுதாக நீட்ட இயலாத நிலை பலருக்கு ஏற்பட்டது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பணியாற்றிய டொனால்ட் செல்போர்ன் ஒரு வியப்பான செய்தியைக் கவனித்தார். கட்டுப்பாடுகளை மீறித் தாமாகவே காலை நீட்டி மடக்கி, முன்கூட்டியே ஊன்றுகோலை விட்டவர்கள், சொன்னபடி நடந்தவர்களைவிட விரைவாகத் தேறியிருந்தனர். அவர்களது மூட்டும் தளர்ந்துவிடவில்லை. இதன் அடிப்படையில் அவரும் பால் நிட்ஸ் என்பவரும் 1990 இல் வெளியிட்ட 'விரைவு மறுவாழ்வு' முறை, அறுவைக்கு அடுத்த நாளே காலை அசைக்கும் இன்றைய வழக்கத்திற்கு வித்திட்டது. மருத்துவர் சொற்படி நடவாத நோயாளிகள் ஒரு துறையையே திருத்திய அரிய நிகழ்வு இது எனலாம்.

ஒட்டு முதிர்தல்

ஒட்டாகப் பெரும்பாலும் வீரரின் சொந்த நாணே எடுக்கப்படுகிறது. முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள நாணின் நடுப்பகுதி, பின்தொடைத் தசைகளின் நாண்கள், முழங்காற்சில்லுக்கு மேலுள்ள நாற்றலைத் தசை நாண் ஆகியவை வழக்கிலுள்ளன. எலும்புகளில் துளையிட்டு அவற்றின் ஊடே ஒட்டைச் செலுத்தி, திருகாணி அல்லது பொத்தான் போன்ற கருவியால் இறுக்குவர்.

எடுத்த இடத்திலேயே ஒட்டு தனது குருதி ஓட்டத்தை இழந்துவிடுகிறது. புதிய இடத்தில் அதன் உயிரணுக்களில் பல இறக்கின்றன. பின்னர் புதிய குருதிக் குழாய்களும் உயிரணுக்களும் அதனுள் படிப்படியாக நுழைந்து, நாணைத் தசைநார் போன்ற திசுவாக மாற்றுகின்றன. 1986 இல் டேவிட் அமியல் குழுவினர் முயல்களில் செய்த ஆய்வு இம்மாற்றத்தை விளக்கியது. இதில் கவனிக்கத்தக்கது, ஒட்டு பொருத்தப்பட்ட நாளில் இருந்ததைவிட இரண்டாவது, மூன்றாவது மாத அளவில் வலுக் குறைந்ததாக இருக்கும் என்பதாகும். அதே வேளையில்தான் வீரருக்கு வலி நின்று, நடை சீராகி, ஓடலாம் போன்ற துணிவும் பிறக்கிறது. மனிதரில் இம்முதிர்ச்சி முழுமை பெற ஓராண்டுக்கும் மேலாகலாம். உடற்பயிற்சியால் தசையை விரைவாக வளர்க்கலாம். இத்திசு மாற்றத்தை அவ்வாறு விரைவுபடுத்த இதுவரை நம்பகமான வழி இல்லை.

அறுவைக்கு முன்

மறுவாழ்வு அறுவை மேசைக்கு முன்பே தொடங்குகிறது. வீங்கி இறுகிய மூட்டில் அறுவை செய்தால் பின்னர் இறுக்கம் நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம். ஆகவே வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீளும் வரையிலும், நாற்றலைத் தசை ஓரளவு வலுப்பெறும் வரையிலும் பொதுவாகச் சில வாரங்கள் காத்திருப்பர்.

முதல் வாரங்கள்

முதல் இரு வாரங்களின் இலக்குகள் எளியவை போலத் தோன்றும்: வீக்கத்தைக் குறைத்தல், காலை முழுதாக நீட்டுதல், தொடையின் முன்தசையை இறுக்கக் கற்றல். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மூட்டில் நீர் கோத்திருந்தால், நாற்றலைத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை தண்டுவட அளவிலேயே தடுக்கப்படுகிறது. வீரர் எவ்வளவு முயன்றும் தசை இறுகாமல் இருப்பது சோம்பலால் அன்று. பனிக்கட்டி ஒற்றடம், காலை உயர்த்தி வைத்தல், மின்தூண்டல் ஆகியவை இங்கு உதவுகின்றன.

காலை முழுதாக நீட்டுவதே இக்கட்டத்தில் தலையாயது. இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது வீடுகளில் காணப்படும் பெரும் தவறு. தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்க வேண்டும். முழு நீட்டம் கிட்டாமல் போனால் மூட்டின் முன்புறம் தழும்புத் திசு முடிச்சாகத் திரண்டு, அதனை நீக்க இன்னொரு அறுவை தேவைப்படலாம். மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்பும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால், எடை தாங்குவதும் ஆழமாக மடக்குவதும் சில வாரங்கள் தள்ளிவைக்கப்படும். சம்மணமிடுதல், குந்துதல் ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

வலுவூட்டலும் ஓட்டமும்

ஊன்றுகோலின்றி நொண்டாமல் நடக்கத் தொடங்கியதும் வலுவூட்டல் முதன்மை பெறுகிறது. நிலையான மிதிவண்டி, அரைக் குந்தல், படியேறுதல், ஒற்றைக்கால் நிலை என இது விரியும். பாதம் தரையில் ஊன்றியபடி செய்யும் பயிற்சிகள் மட்டுமே பாதுகாப்பானவை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அமர்ந்து எடையைக் காலால் உயர்த்தும் பயிற்சியையும் வரம்புக்குட்பட்ட கோணத்தில், படிப்படியாக எடை கூட்டிச் செய்யலாம் என்பது இன்றைய நிலைப்பாடு. அதனைத் தவிர்த்தால் நாற்றலைத் தசை முழு வலுவை அடைவது கடினம்.

ஏறத்தாழ மூன்றாவது அல்லது நான்காவது மாதத்தில், வீக்கம் இல்லாமலும் தசை வலு போதிய அளவிலும் இருந்தால் நேர்க்கோட்டு மெல்லோட்டம் தொடங்கும். பின்னர் இரு கால்களால் குதித்து இறங்குதல், ஒற்றைக்காலால் இறங்குதல், திசை மாற்றி ஓடுதல், பந்துடன் பயிற்சி, எதிராளியுடன் பயிற்சி என வரிசை அமையும். ஒவ்வொரு படிக்கும் மறுநாள் மூட்டு தரும் பதிலே அளவுகோல். வீங்கினால் ஒரு படி கீழிறங்க வேண்டும்.

இந்த நடுக்காலமே பலர் கைவிடும் காலம். வலி இல்லை, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை, இயன்முறை மருத்துவரிடம் செல்லும் செலவும் தொடர்கிறது. முறையான பயிற்சிக்கூடம் உள்ள தொழில்முறை வீரருக்கும், கல்லூரி அணியில் ஆடும் மாணவருக்கும் இடையிலான வேறுபாடு அறுவை அறையைவிட இங்கேயே அதிகம் வெளிப்படுகிறது.

களத்திற்குத் திரும்புதல்

முன்பு 'ஆறு மாதம்' என்ற கணக்கே போதுமானதாகக் கருதப்பட்டது. இன்று காலம், சோதனை இரண்டும் கருதப்படுகின்றன. காயமுற்ற காலின் தசை வலுவும், ஒற்றைக்கால் தாண்டல் தூரமும் மற்றக் காலின் அளவில் குறைந்தது 90 விழுக்காடு இருத்தல் பரவலான அளவுகோல். ஒரு தாண்டல், மும்முறைத் தாண்டல், குறுக்குத் தாண்டல், 6 மீட்டர் தூரத்தை ஒற்றைக்காலால் கடக்கும் நேரம் என நான்கு தாண்டல் சோதனைகள் வழக்கிலுள்ளன.

இவ்வளவுகோலுக்குக் குறைகளும் உண்டு. நலமான காலும் மாதக்கணக்கில் ஓய்ந்திருப்பதால் தானும் வலுவிழந்திருக்கும். மெலிந்த காலுடன் ஒப்பிட்டுப் பெறும் 90 விழுக்காடு ஏமாற்றக்கூடியது. மேலும் தாண்டிய தூரம் சமமாக இருந்தாலும், வீரர் முழங்காலைத் தவிர்த்து இடுப்பாலும் கணுக்காலாலும் அதனை ஈடுகட்டியிருக்கலாம்.

நார்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 106 பேரைத் தொடர்ந்து 2016 இல் வெளியான ஆய்வு இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. ஒன்பதாம் மாதம் வரை திரும்புதலைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்திற்கும் மீண்டும் முழங்கால் காயமடையும் வீதம் 51 விழுக்காடு குறைந்தது. சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 விழுக்காட்டினர் மீண்டும் காயமடைந்தனர். தேறியவர்களில் இது 5.6 விழுக்காடு மட்டுமே.

மனநிலையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. 2008 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 12 வினாக்கள் கொண்ட அளவை, அச்சம், நம்பிக்கை, காயம் பற்றிய கவலை ஆகியவற்றை மதிப்பிடுகிறது. 2014 இல் வெளியான தொகுப்பாய்வின்படி, அறுவை செய்துகொண்டவர்களில் 81 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர். பழைய நிலைக்குத் திரும்பியோர் 65 விழுக்காடு. போட்டி விளையாட்டுக்குத் திரும்பியோர் 55 விழுக்காடு. கால் தேறியும் மனம் தேறாமை இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மீண்டும் காயமடைதல்

இரண்டாம் காயம் ஒட்டிலும் நேரலாம், மற்றக் காலிலும் நேரலாம். 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இவ்விரண்டில் ஒன்று நேர்வதாக 2016 இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. எனவே களமிறங்கிய பின்னும் இறங்கும் முறை, திரும்பும் முறை பற்றிய பயிற்சிகள் தொடரப்படுகின்றன. கால்பந்து அணிகளுக்காக 2006 இல் ஃபிஃபா அறிமுகப்படுத்திய '11+' என்னும் தொடக்கப் பயிற்சி இவ்வகையைச் சேர்ந்தது.

அறியப்பட்ட வீரர்கள்

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏட்ரியன் பீட்டர்சன் 2011 திசம்பரில் காயமுற்று, 2012 செப்டம்பரில் திரும்பி, அப்பருவத்தில் 2,097 கெசம் ஓடிச் சிறந்த வீரர் விருது பெற்றார். இது அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டாலும், பொது விதியாகக் கொள்ளத்தக்கதன்று. பனிச்சறுக்கு வீராங்கனை லின்சி வான் 2013 பெப்ரவரியில் காயமுற்று அறுவை செய்துகொண்டார். அதே ஆண்டு நவம்பரில் பயிற்சியின்போது அதே தசைநார் மீண்டும் கிழிந்து, 2014 சோச்சி ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். ஆர்சனல் பெண்கள் அணியில் 2022 நவம்பர் முதல் 2023 மே வரை நால்வர் இக்காயத்திற்கு உள்ளாயினர்; அவர்களுள் பெத் மீட், லியா வில்லியம்சன், விவியன் மீடமா ஆகியோர் 2023 உலகக்கோப்பையில் ஆட இயலவில்லை. இந்திய மற்போர் வீராங்கனை வினேஷ் போகாட் 2023 ஆகத்தில் மும்பையில் இடது முழங்காலில் அறுவை செய்துகொண்டு, 2024 ஆகத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை முன்னேறினார். எடை மிகுதியால் இறுதிப் போட்டிக்கு முன் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.