ஷெரீப்பும் கவுண்டியும்: நெருக்கம், வாக்கு, வரி

அமெரிக்கக் கிராமப்புற ஷெரீப் அலுவலகங்களைப் பற்றிப் பேசும்போது, ஊரோடு உள்ள நெருக்கம் தன்னளவிலேயே நல்லது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஷெரீப் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவரைப் பார்க்கலாம். கவுண்டி (மாநிலத்துக்குள் அமைந்த உள்ளூர் நிர்வாகப் பிரிவு) நடத்தும் கண்காட்சியில் அவருடைய டெபுட்டிகள், அதாவது அவருக்குக் கீழே பணிபுரியும் காவலர்கள், குழந்தைகளை ரோந்து வண்டியில் ஏற்றி உட்காரவைக்கிறார்கள். இந்தச் சித்திரம் பொய்யல்ல. ஆனால் முகம் தெரிந்தவர் என்பது வேறு, பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது வேறு. ஷெரீப்பைக் கவுண்டியோடு பிணைப்பவை இரண்டு: யாருடைய வாக்கு எண்ணப்படுகிறது, அலுவலகத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள். இவ்விரண்டும் தளர்ந்துபோன இடத்தில் நட்பு மட்டும் அந்தக் குறையை நிரப்பியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பதவியின் இயல்பை முதலில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அரசு நியமிப்பவர், அரசு மாற்றக்கூடியவர். சென்னையில் முன்பு இருந்த ஷெரீப் பதவியோ வெறும் மரியாதைப் பதவி. அமெரிக்க ஷெரீப் இவர்களில் எவரைப் போலவும் இல்லை. அங்கே 3,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு. அலாஸ்காவில் இந்தப் பதவியே கிடையாது; கனெக்டிகட் மக்கள் 2000இல் வாக்களித்து அதை நீக்கினார்கள். மற்ற இடங்கள் பெரும்பாலானவற்றில் ரோந்து, கவுண்டிச் சிறை, நீதிமன்ற அழைப்பாணை, வீட்டைக் காலிசெய்ய வைக்கும் ஆணை எனப் பலவும் ஒரே அலுவலகத்தின் கையில். மேற்கு மாநிலங்கள் பலவற்றில் மலையில் வழிதவறியவரைத் தேடுவதும் ஷெரீப்பின் பொறுப்புதான். ஊரார் தாங்களே தொண்டர்களாக அவரோடு தோள்கொடுத்து நிற்பது பெரும்பாலும் இந்தத் தேடல் பணியில்தான். ஷெரீப்பை இடமாற்றம் செய்ய மேலதிகாரி யாரும் இல்லை.

அப்படியானால் நெருக்கம் ஏன் போதாது?

மிசிசிப்பி மாநிலத்தின் நெஷோபா கவுண்டி இதற்கு விடை சொல்கிறது. 1964 ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று குடிமை உரிமைப் போராளிகளை டெபுட்டி செசில் பிரைஸ் கைதுசெய்து கவுண்டிச் சிறையில் அடைத்தார். இரவில் விடுவித்தார், பிறகு வழியில் மறித்து வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் ஆட்களிடம் ஒப்படைத்தார். ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து மூவரின் உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டன. 1967இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பிரைஸ் உள்ளிட்ட ஏழு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஷெரீப் லாரன்ஸ் ரெய்னி விடுவிக்கப்பட்டார். அந்த அலுவலகம் தன் சமூகத்திலிருந்து அந்நியப்பட்டிருக்கவில்லை. வாக்குரிமை பெற்ற வெள்ளைச் சமூகத்தோடு அது மிக நெருக்கமாக இருந்தது. அந்த நெருக்கம்தான் கொலைக்குத் துணைபோனது. ‘சமூகத்தோடு இணைதல்’ என்று எழுதுகிற ஆய்வாளர் எந்தச் சமூகம் என்று கேட்காமல் நகர முடியாது.

அலபாமாவின் லௌண்டஸ் கவுண்டியில் அந்தக் கேள்வியை மக்களே எழுப்பினார்கள். அங்கே மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனாலும் 1965ஆம் ஆண்டு பிறந்தபோது வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் பெயர் பதிவுசெய்துகொண்ட முதல் சிலரில் ஜான் ஹியூலெட் ஒருவர். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஹியூலெட் தலைமையில் லௌண்டஸ் கவுண்டி விடுதலை அமைப்பு உருவானது. அதன் சின்னம் கருஞ்சிறுத்தை. 1966 நவம்பரில் அந்த அமைப்பு நிறுத்திய வேட்பாளர்கள் அனைவரும் தோற்றார்கள். ஷெரீப் பதவிக்கு நின்றவரும் அவர்களில் ஒருவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1970இல், ஹியூலெட்டே ஷெரீப்பாக வென்றார். 22 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்த குடும்பத்துக்கு இந்த வெற்றி என்ன கொடுத்தது? லௌண்டஸ் போராட்டத்தின் வரலாற்றை எழுதிய ஹசன் குவாமே ஜெஃப்ரீஸ் இதை நுணுக்கமாகப் பார்க்கிறார். கவுண்டியின் நிலவுடைமையும் வறுமையும் பெரிதாக மாறவில்லை. ஹியூலெட் பின்னாளில் பழைய வெள்ளை அதிகார வட்டத்தோடு சமரசம் செய்துகொண்டது இயக்கத்தாரில் பலருக்கு வருத்தம். இருந்தும், சட்டத்தின் பேரால் நடந்த வன்முறை ஓய்ந்தது. சாலையில் காவல் வண்டியைக் கண்டால் பதுங்க வேண்டிய நிலை போயிற்று. இதைச் சிறிய மாற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பக்கத்து டல்லஸ் கவுண்டியிலும் இதே பாடம்தான்: செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் வந்தவர்களை அடித்து விரட்டிய ஷெரீப் ஜிம் கிளார்க்கை, புதிதாக வாக்குரிமை பெற்றவர்கள் 1966இலேயே பதவியிலிருந்து இறக்கினார்கள்.

ஆனால் வாக்குக்கும் எல்லை உண்டு. பதவியிலிருக்கும் ஷெரீப்பைத் தேர்தலில் வீழ்த்துவது மிக அரிது என்று மைக்கேல் ஜூரோப் 2022இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். பல கவுண்டிகளில் எதிர்த்து நிற்க ஆளே கிடைப்பதில்லை. சிறையில் இருப்பவரின் குரல் வாக்குப்பெட்டியை எட்டுவதும் கடினம். அலபாமாவில் ஒரு பழைய சட்டம், கைதிகளின் உணவுக்கென வரும் பணத்தில் மிச்சமாவதை ஷெரீப்பே வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் நடைமுறையில் இருந்தது. மோர்கன் கவுண்டி ஷெரீப் மூன்று ஆண்டுகளில் 2,00,000 டாலருக்கு மேல் இப்படி எடுத்துக்கொண்டார். கைதிகள் அரைவயிற்றோடு கிடந்தார்கள். 2009 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்த ஷெரீப்பையே காவலில் வைக்க உத்தரவிட்டார். சட்டம் திருத்தப்பட்டது 2019இல்தான். அதுவரை அந்த மாநிலத்தில் எத்தனையோ ஷெரீப் தேர்தல்கள் வந்துபோயின.

இனி வரி. ஓரிகன் மாநிலத்தின் ஜோசஃபின் கவுண்டி 4,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. 2010இல் ஏறத்தாழ 83,000 பேர் வாழ்ந்தார்கள். நிலத்தின் பெரும்பகுதி கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான காடு. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, காட்டில் வெட்டும் மரத்தின் வருமானத்தில் ஒரு பங்கு கவுண்டிக்கு வந்தது. அந்தப் பணம் தாராளமாக வந்ததால் சொத்துவரி மிகக் குறைவாகவே இருந்தது: 1,000 டாலர் மதிப்புக்கு ஏறத்தாழ 58 சென்ட். அந்தக் காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை 1990இல் பாதுகாக்க வேண்டிய உயிரினமாக அறிவிக்கப்பட்டதும், 1994இல் வடமேற்குக் காடுகளுக்கான திட்டம் வந்ததும் மரவெட்டைச் சுருக்கின. இழப்பை ஈடுகட்ட 2000இல் ஒரு மானியச் சட்டம் வந்தது. 2012இல் அந்த மானியமும் கைவிட்டுப்போகும் நிலை.

அந்த ஆண்டு மே மாதம், ஷெரீப் அலுவலகத்தைக் காப்பாற்றக் கூடுதல் வரி கேட்டு நடந்த வாக்கெடுப்பு தோற்றது. பெரும்பாலான டெபுட்டிகள் வேலையிழந்தார்கள். கைதிகள் பலர் வெளியே விடப்பட்டார்கள். ரோந்து வார நாட்களின் பகல் நேரத்துக்குச் சுருங்கியது. வன்முறைக்கு அஞ்சுபவர்கள் போதிய காவல் உள்ள வேறு ஊருக்குக் குடிபோவது பற்றி யோசிக்கலாம் என்ற பொருளில் ஷெரீப் அலுவலகமே அறிக்கை விட்டது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ஒரு பெண் அவசர எண்ணான 911க்கு அழைத்தார். முன்னாள் காதலன் கதவை உடைத்துக்கொண்டிருந்தான். அனுப்ப ஆள் இல்லை. அழைப்பு மாநிலக் காவலுக்கு மாற்றப்பட்டது. அங்கும் ஆள் இல்லை. பணியிலிருந்தவர் பத்து நிமிடத்துக்கும் மேல் தொலைபேசியில் பேச மட்டுமே முடிந்தது. அந்தப் பெண் தாக்கப்பட்டார்.

இதற்குப் பிறகும் 2013, 2014, 2015 என மூன்று முறை வரி தோற்றது. இந்த வாக்காளர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்வது எளிது, ஆனால் நியாயமல்ல. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்கள் பலர். காடு தங்களைச் சுற்றி நிற்க அதைத் தொட விடாத வாஷிங்டன்தான் பணம் தர வேண்டும் என்று நம்பியவர்கள் பலர். சிலர் தாங்களே அணி சேர்ந்து இரவில் ரோந்து போனார்கள். அவர்களுக்குத் தங்கள் ஊர்மேல் அக்கறை இல்லாமலில்லை. ஷெரீப் அலுவலகம் தங்கள் பணத்தில் நடக்க வேண்டியது என்ற பழக்கம்தான் இல்லை. இரண்டு தலைமுறைகளாக மரம் அந்தச் செலவை ஏற்றிருந்தது. 2017இல் ஒரு வரி நிறைவேறியது. அது சிறைக்கும் சிறார் காப்பகத்துக்கும் உரியது, ரோந்துக்கு அல்ல.

மரத்தின் இடத்தில் இன்று வேறு பணம் வருகிறது. கிராமப்புறக் கவுண்டிகள் பல, தங்கள் தேவைக்கு மேல் பெரிய சிறை கட்டி, கூட்டாட்சி முகமைகளுக்கும் பிற கவுண்டிகளுக்கும் படுக்கைகளை நாள் வாடகைக்கு விடுகின்றன. நீதித்துறை ஆய்வு அமைப்பான வீரா நிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் சிறைப் பெருக்கம் பெருநகரங்களைவிடச் சிறு கவுண்டிகளில் வேகமாக இருப்பதைக் கவனப்படுத்தியது. இந்த வருமானம் வந்தால் ஷெரீப் வரி கேட்டு ஊரார் முன் நிற்க வேண்டியதில்லை. ஊராரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஜோசஃபினில் நேர்ந்தது மறுபடி நேர்வதற்கான வழி இதுவே.

தினசரித் தொடர்பு முயற்சிகள் வீண் என்று இதற்குப் பொருளல்ல. தனியாக வாழும் முதியவரைத் தினமும் காலையில் அழைத்து நலம் விசாரிப்பதும், அவர் எடுக்காவிட்டால் வண்டி அனுப்புவதும் உயிர் காக்கிற வேலை. தெற்கு டகோட்டாவில் 2020 முதல் டெபுட்டிகள் கைக்கணினியோடு போகிறார்கள். மனக்கலக்கத்தில் இருப்பவர் திரையில் ஒரு மனநலப் பணியாளரோடு பேசுகிறார், பலர் கைவிலங்கின்றி வீட்டிலேயே இருக்க முடிகிறது. மருத்துவமனை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பகுதியில் இது பேருதவி. ஆனால் இதுவும் ஓர் அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கியதுதான்.

ஆகவே, ஓர் அலுவலகம் ஊரோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்று அளக்க வருபவர் ஊராரோடு எத்தனை காப்பிச் சந்திப்புகள் நடந்தன என்று எண்ணுவதற்கு முன் வேறு நான்கைக் கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் டெபுட்டிகள் எத்தனை பேர்? செலவில் எத்தனை பங்கு கவுண்டி வரியிலிருந்து வருகிறது? சிறையில் இருப்பவர்களில் தீர்ப்பே வராதவர்கள் எத்தனை பேர்? கடந்த தேர்தலில் ஷெரீப்பை எதிர்த்து யாராவது நின்றார்களா? இந்தத் தகவல்கள் பெரும்பாலும் கவுண்டி அலுவலகக் கோப்புகளிலேயே கிடக்கின்றன. அவற்றைக் கவுண்டி கவுண்டியாகத் திரட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதே அடுத்த வேலை.