யந்திரம் வழி தேடுகிறது

விழுப்புரம் ஜங்ஷனைப் பார்த்தவர்களுக்குச் சதுரங்க யந்திரத்தின் சங்கடத்தை விளக்குவது சுலபம். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஒழுங்காக வந்த ரயில் பாதை அங்கே பிரிகிறது. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, கடலூர், மாயவரம், கும்பகோணம் என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு போவது ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. நாலே கிளைகள்! சதுரங்கப் பலகையிலோ ஏறக்குறைய 30 கிளைகள். ஒவ்வொன்றின் முனையிலும் மறுபடி 30. ஆளுக்கு இரண்டு முறை காய் நகர்த்துவதற்குள் 8 லட்சத்துக்கு மேல் ஆகிவிடுகிறது.

இந்தக் காட்டுக்குள் யந்திரத்தை இறக்கிவிடத் துணிந்தவர்களில் ஆலன் டூரிங் ஒருவர். அவருடைய தாயார் நம் போத்தனூரில் பிறந்தவர். தகப்பனார் சென்னை ராஜதானியில் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர். 1952-ல் டூரிங்கிடம் ஆட்ட விதிகள் தயாராக இருந்தன. அவற்றை நடத்தும் சக்தியுள்ள கம்ப்யூட்டர்தான் இல்லை. தாமே கம்ப்யூட்டராகி, காகிதத்தில் கணக்குப் போட்டு ஆடினார். ஒரு நகர்வுக்கு அரைமணி நேரம்! கடைசியில் 29-வது நகர்வில் தோல்வி. தோற்றது அவரா, காகிதமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே அமெரிக்காவில் கிளாட் ஷானன் இரண்டு வழிகளைச் சொல்லியிருந்தார். எல்லாக் கிளைகளிலும் கொஞ்ச தூரம் போவது ஒன்று. உருப்படியானவற்றைப் பொறுக்கி நெடுந்தூரம் போவது மற்றொன்று.

முதல் கட்சிக்குக் கைகொடுத்தது ‘ஆல்பா-பீட்டா’ என்ற உபாயம். இது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியாததல்ல. பேத்திக்கு ஒரு வரன் பரவாயில்லை என்று கையில் இருக்கிறது. அடுத்த வரன் சீட்டாடுகிறவன் என்று தெரிந்துவிட்டது. அவனுக்குக் கடன் எவ்வளவு, குடி உண்டா என்று பாட்டி மேற்கொண்டு விசாரிப்பாளா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். முடிவு மாறுவதில்லை, அலைச்சல் குறைகிறது. 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடித்த ‘டீப் ப்ளூ’ விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது இந்தப் பாட்டியின் துணையோடுதான்.

2017 டிசம்பரில் ‘ஆல்பாஸீரோ’ வந்தது. தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்ட பிள்ளை. விநாடிக்கு வெறும் 80 ஆயிரம் நிலைகள்தான் பார்க்கும். எதிரே நின்ற ‘ஸ்டாக்ஃபிஷ்’ பார்த்ததோ 7 கோடி. 100 ஆட்டங்களில் பிள்ளைக்கு 28 வெற்றி, 72 சமன், தோல்வி கிடையாது. போட்டியின் நிபந்தனைகள் சரியில்லை என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. அதன் முறைக்குச் சூதாட்ட ஊரான மான்டி கார்லோவின் பெயர். நம்பிக்கை தரும் பாதையில் அடிக்கடி போகும். மற்றதையும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். பார்த்தவற்றையெல்லாம் சராசரி போடும்.

சமீபத்தில் திண்டிவனத்தில் என் பெட்டியில் ஏறிய ஒரு பையன், கைபேசியில் ஸ்டாக்ஃபிஷையும், ஆல்பாஸீரோவின் வழியில் 2018-ல் பிறந்த ‘லீலா’வையும் வைத்துக்கொண்டு திண்டாடினான்.

“மாமா, இது குதிரையை எடுங்குது, அது சிப்பாயைத் தள்ளுங்குது. எதை நம்பறது?”

“நீ என்னடா நினைக்கிறே?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“நான் இன்னும் பார்க்கவே இல்லை, மாமா!”

மயிலம் வருவதற்குள் எனக்கு அந்த மாமாவிடம் பெரும் மதிப்பு உண்டாகிவிட்டது. இரண்டு யந்திரமும் சொல்வது ஒரே ஜாதி உண்மை அல்ல. ஒன்று, எதிராளி தன்னாலானதைச் செய்தபின் மிஞ்சுவது என்ன என்கிறது. மற்றது, போய்வந்த பாதைகளின் சராசரியைச் சொல்கிறது. சராசரிக்குள் ஒரு சின்னப் பொறி ஒளிந்துகொள்ள இடமுண்டு. பாட்டி அதைச் சட்டென்று பிடித்துவிடுவாள். ஆனால் அவசரமில்லாத, காய்கள் நெருக்கியடித்து நிற்கிற நிலையில் பிள்ளையின் மோப்ப சக்தி அவளுக்கு இல்லை.

2020-ல் ஸ்டாக்ஃபிஷ் எதிரியின் வித்தையில் பாதியை எடுத்துக்கொண்டது. நிலையை எடைபோடுவதற்கு நரம்பு வலை. தேடுவதற்கு அதே பழைய பாட்டி.