ஹைதராபாத் வீடுகளுக்கு டிஸ்க் பிளேயர் வந்த கதை

ஹைதராபாத் தூர்தர்ஷன் நிலையம் 1977 அக்டோபரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அந்த நகரம் வெளியூரை நம்பி இருக்கவில்லை. அணுசக்தித் துறையின் கீழ் 1967இல் ஏ.எஸ். ராவ் முன்னின்று உருவாக்கிய இ.சி.ஐ.எல். நிறுவனம் அங்கேதான் ‘இ.சி. டிவி’யைத் தயாரித்தது. பெட்டி இருந்தது, பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு சினிமா, ஒரு பாட்டு நிகழ்ச்சி, மிச்ச நேரமெல்லாம் வயலும் செய்தியும். விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் வீட்டிலேயே பார்க்கும் வசதி வளைகுடா விமானத்தில் வந்து இறங்கியது.

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது சவூதி, குவைத், துபாய் என்று பழைய நகரத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள். விடுமுறையில் ஊர் திரும்பியவர்கள் முதலில் டேப் ரெக்கார்டரையும் பின்னர் வீடியோ கேசட் போடும் வி.சி.ஆரையும் கொண்டுவந்தார்கள். அகாய், ஃபுனாய், நேஷனல் ஆகிய பெயர்கள் சார்மினாரைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுதோறும் தெரிந்த பெயர்கள் ஆயின. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்ததும் இந்த ஆசை நடுத்தரக் குடும்பங்களுக்கும் பரவியது. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் தமிழ்நாட்டைப் போலவே ‘டெக்’ எனப்பட்ட வி.சி.ஆரை வாடகைக்கு எடுத்தார்கள். சனிக்கிழமை மாலை டெக்கும் கலர் டிவியும் ரிக்‌ஷாவில் வந்து இறங்கும். ஒரே ராத்திரியில் மூன்று நான்கு படங்களைத் தூங்காமல் பார்த்துத் தீர்த்துவிட்டு ஞாயிறு காலை திருப்பிக் கொடுப்பார்கள். செகந்திராபாத்தின் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் தமிழ்க் குடும்பங்களுக்கு, 1993இல் சன் டிவி வரும்வரை, வீட்டில் தமிழ்ப் படம் என்றால் பெரும்பாலும் இந்தக் கேசட்தான்.

கேசட்டைக் கண்டு சினிமாக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, வீடியோ கேசட்டும் அதன் வரம்புக்குள் தெளிவாகக் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, வி.சி.ஆரில் படம் போட்டுக் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. தெலுங்கு சினிமா சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. படம் எடுப்பவர்களும் படத்தைத் திருடி விற்பவர்களும் ஒரே நகரத்தில் வாழ வேண்டிய நிலை அப்போதே ஏற்பட்டுவிட்டது.

டிஸ்க்கின் காலம் வி.சி.டி.யோடு தொடங்கியது. ஃபிலிப்ஸ், சோனி, ஜே.வி.சி., மாட்சுஷிடா ஆகியவை 1993இல் வகுத்த அந்த முறை, பாட்டு சி.டி. சுழலும் அதே வேகத்தில் படத்தையும் படிக்கும்படி அமைந்தது. அதனால் கருவி மலிவானது. படத்தின் தரம் வி.எச்.எஸ். கேசட் அளவிலேயே நின்றது. ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம்தான் கொள்ளும். இரண்டரை மணி நேரத் தெலுங்குப் படம் இரண்டு டிஸ்க்கில் அடங்காமல் இரண்டே நிமிடத்துக்காக மூன்றாவது டிஸ்க்கைக் கேட்கும். தியேட்டர் இடைவேளை ஓரிடத்தில் வர, வீட்டு இடைவேளை பாட்டின் நடுவிலோ சண்டையின் நடுவிலோ வந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இந்த முறையைச் சீனாவும் தென்கிழக்கு ஆசியாவும் இந்தியாவும் அள்ளிக்கொண்டன.

2001 ஏப்ரல் 1 அன்று, மிச்சமிருந்த 715 பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை இந்தியா நீக்கியது. அதன் பிறகு சீனப் பிளேயர்களின் வரத்து பெருகியது. ஹைதராபாத்தில் அவற்றுக்கு இரண்டு வாசல்கள்: மொத்த வியாபாரத்துக்குக் கோட்டி குஜராத்தி கல்லி, சில்லறைக்கு ஆபிட்ஸ் ஜகதீஷ் மார்க்கெட். பெயர் தெரியாத பெட்டியின் முகப்பில் பெரிய ஜப்பானியப் பெயரை ஓர் எழுத்து மாற்றி ஒட்டியிருப்பார்கள். வாங்குகிறவர் அதைக் கண்டு ஏமாறவில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் கையோடு கொண்டுவந்த கீறல் விழுந்த டிஸ்க் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. கடைக்காரரும் சலிக்காமல் போட்டுக் காட்டுவார். பெயர்பெற்ற கம்பெனியின் பிளேயர் நகல் டிஸ்க்கைக் கண்டதும் ‘நோ டிஸ்க்’ என்று துப்பிவிடுவதும், பேர் இல்லாத பெட்டி அதையே விழுங்கி ஓட்டுவதும் அங்கே கண்முன் நடந்த காட்சி.

இந்தப் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் வெறுமைதான். ஒரு பவர் சப்ளை பலகை, ஒரு சிறிய டிகோடர் பலகை, நடுவில் டிஸ்க்கைச் சுழற்றும் லோடர். அந்த லோடரில் பாசிப்பயறு அளவு லென்ஸ் ஒன்று மேலும் கீழும் துள்ளி டிஸ்க்கைத் தேடும். பழுது வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும். காதுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைப்பது முதல் வைத்தியம். அதற்கும் மசியாவிட்டால் லென்ஸையே மாற்றுவது. வி.சி.டி.க்கு சோனியின் 213, டி.வி.டி.க்கு சான்யோவின் எச்.டி.65 என்று எண்ணைச் சொன்னால் கோட்டியில் எந்த உதிரிபாகக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். மெக்கானிக் கைக்கு அது சில நிமிட வேலை. சேவை மையத்தில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கம்பெனிப் பொருளைவிட, தெருமுனையில் ரிப்பேர் ஆகும் பொருளே மலிவு என்று ஹைதராபாத் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் தவறு காண்பது கடினம். தாறுமாறாக ஏறி இறங்கும் மின்சாரத்தையும் இவை சமாளித்தன. 90 வோல்ட் முதல் 270 வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியின் பின்புறமே அச்சிட்டிருந்தார்கள்.

டி.வி.டி. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்திய நடுத்தர வீடுகளுக்குள் அது வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஓர் அடுக்கில் 4.7 ஜி.பி., இரண்டு அடுக்கில் 8.5 ஜி.பி. என்று முழுப் படமும் ஒரே டிஸ்க்கில் அடங்கியது. இங்கேதான் ஹைதராபாத்துக்கே உரிய சிக்கல் ஒன்று முளைத்தது. ஹாலிவுட் கம்பெனிகள் உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் விற்கும் டிஸ்க் மற்றொன்றின் பிளேயரில் ஓடாதபடி குறியீடு வைத்திருந்தன. அமெரிக்கா 1, வளைகுடா 2, இந்தியா 5. மதுரையிலோ திருச்சியிலோ இந்தப் பிரிவினை பலரைத் தொட்டிருக்காது. ஹைதராபாத்தில் ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பையன் ஜெத்தாவிலும், 1998இல் ஐ.டி. வளாகமான சைபர் டவர்ஸ் திறந்த பிறகு அடுத்த வீட்டுப் பெண் கலிஃபோர்னியாவிலும் இருந்தார்கள். அங்கிருந்து வந்த டிஸ்க்குகள் முதல் இரண்டு பகுதிகளைச் சேர்ந்தவை. கடையில் இருந்த கம்பெனிப் பிளேயரோ ஐந்துக்கானது. அமெரிக்க டிஸ்க் என்.டி.எஸ்.சி. என்ற வண்ண முறையில் இருக்கும், இங்கே ‘பால்’ (PAL) என்ற முறை மட்டும் தெரிந்த பழைய டிவியில் அது நிறமிழந்து உருளும். அமெரிக்காவிலிருந்து பிளேயரையே தூக்கி வந்தவர்கள் 110 வோல்ட்டுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேடி மறுபடி கோட்டிக்கே போனார்கள்.

இத்தனைக்கும் மருந்து அந்தப் பேர் இல்லாத சீனப் பெட்டியிலேயே இருந்தது. தைவானின் மீடியாடெக் நிறுவனத்தின் எம்.டி.1389 சில்லு பொருத்திய பிளேயர்களில் பல, ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் எல்லாப் பகுதிக்கும் திறந்துகொள்ளும், பால், என்.டி.எஸ்.சி. இரண்டையும் கொடுக்கும். அந்த எண்களைத் தெரிந்து வைத்திருந்த விற்பனையாளருக்குத் தனி மதிப்பு. பின்னர் அதே வகைச் சில்லுகள் டிவ்எக்ஸ் முறையில் சுருக்கிய படங்களையும் படிக்கத் தொடங்கின. ஒரு படம் 700 எம்.பி. அளவுக்குச் சுருங்கியதால் ஒரே டி.வி.டி.யில் ஆறு படங்கள். நடைபாதையில் ஒரு நடிகரின் ஆறு படங்களை ஒரே உறையில் போட்டு விற்ற அந்த டிஸ்க்குகளில் சட்டப்படி வந்தவை அநேகமாக இல்லை.

இந்தப் பெருக்கத்தின் நடுவே நகரம் தனக்கென ஒரு சினிமாவையும் பெற்றது. 2000களின் நடுவில் குண்டா நிக்கில் இயக்கிய ‘தி அங்ரேஸ்’, லட்சுமிகாந்த் சென்னா இயக்கிய ‘ஹைதராபாத் நவாப்ஸ்’ ஆகியவை பழைய நகரத்து தக்கினி உருதுவில், சார்மினார் டீக்கடைப் பேச்சையே வசனமாகக் கொண்டு வந்தன. தியேட்டரில் கிடைத்த வரவேற்பு ஒருபுறம் இருக்க, இவை டிஸ்க்காக வீடு வீடாகவும், ஊருக்கு வந்து திரும்பியவர்களின் பையில் வளைகுடாவுக்கும் போயின. அதையொட்டிச் சிறு முதலீட்டில் தக்கினி நகைச்சுவைப் படங்கள் வரிசையாக வந்தன. பிளேயர் என்ற கருவி இங்கே உள்ளூர்ப் பேச்சுக்கும் உதவியது.

நேர்மையாக வாங்க நினைத்தவர்களுக்கு வழி 2007இல் திறந்தது. வெற்று சி.டி. தயாரித்துவந்த மோசர் பேயர் நிறுவனம் படங்களின் உரிமையை வாங்கி, வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் கடையில் வைத்தது. நடைபாதை விலையே அசல் டிஸ்க்குக்கும் என்று ஆனது. ஆனாலும் புதுப் படத்தின் மீதான அவசரத்துக்கு இது ஈடாகவில்லை. 2013 செப்டம்பரில் பவன் கல்யாண் நடித்த ‘அத்தாரின்டிகி தாரேதி’ வெளியாகும் முன்பே ஏறக்குறைய பாதிப் படம் இணையத்தில் கசிந்தது. கிருஷ்ணா மாவட்டம் பெடனாவில் அது டிஸ்க்காகவும் விற்கப்பட்டது. படத்தை அவசரமாக அந்த மாதம் 27ஆம் தேதியே திரைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மோசர் பேயரும் பின்னர் கடனில் மூழ்கியது. 2018இல் அதைக் கலைக்க உத்தரவானது.

இணையம் வழி படம் காட்டும் பிளேயர் இந்தக் கதையில் நுழைந்த நேரம்தான் விசித்திரமானது. 2006இல் உயர் துல்லியப் படத்துக்கான புளூ-ரே டிஸ்க் வந்தது; 2008இல் எதிர்த்து நின்ற எச்.டி. டி.வி.டி. தோற்று விலகியது. அதே 2008இல் எல்.ஜி. தன் பி.டி.300 புளூ-ரே பிளேயரில் நெட்ஃப்ளிக்ஸைச் சேர்த்து அமெரிக்காவில் விற்றது. டிஸ்க்கும் ஸ்ட்ரீமிங்கும் ஒரே பெட்டியில் என்பது அங்கே நல்ல பேரம். நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்ததோ 2016 ஜனவரியில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் பஞ்சாகுட்டா ஷோரூம்களில் ‘நெட்வொர்க்’ என்று முத்திரையிட்ட பிளேயரை வாங்கியவர், யூடியூபைத் தவிர வேறெதற்கும் பெரிதாகப் பயன்படாத வசதிக்குப் பணம் கொடுத்தார். புளூ-ரேயிலும் பகுதிப் பிரிவினை தொடர்ந்தது: அமெரிக்கா ஏ, வளைகுடா பி, இந்தியா சி. ரிமோட் எண் வித்தையும் இதில் பெரும்பாலும் பலிக்கவில்லை. எந்த டிஸ்க்கையும் விழுங்கும் பெட்டிக்குப் பழகிய ஊரில் புளூ-ரே தயங்கித் தயங்கி விற்றதற்கு விலை மட்டும் காரணமல்ல.

ஸ்ட்ரீமிங் வந்தபோது அது பிளேயரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. தெலுங்குப் படக் கேசட்டும் டிஸ்க்கும் போட்ட வோல்கா வீடியோ, ஸ்ரீ பாலாஜி வீடியோ போன்ற பெயர்கள் யூடியூப் சேனல்களாக மாறி, அதே படங்களை இலவசமாகக் கொடுத்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2017இல் ஏ.சி.டி. நிறுவனம் ஹைதராபாத்தில் ஒரு ஜிகாபிட் வேக இணைப்பை வீடுகளுக்கு அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக் 3,999 ரூபாய்க்கு வந்தது. அடுத்த ஆண்டு ஷியாவ்மி 32 அங்குல ஸ்மார்ட் டிவியை 13,999 ரூபாய்க்கு விற்றது. 2020 உகாதி அன்று ஹைதராபாத்திலிருந்தே ‘ஆஹா’ என்ற தெலுங்கு ஓ.டி.டி. தொடங்கி, 2022இல் தமிழுக்கும் வந்தது. இவற்றில் எதற்கும் டிஸ்க் போடும் துளை தேவைப்படவில்லை.

ஒரே பெட்டியில் இரண்டும் என்ற ஏற்பாட்டின் பலவீனமும் இதற்குள் தெரிந்துவிட்டது. பிளேயரில் செயலிகளை ஆலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் சேவை நிறுவனம் அந்த மாடலைக் கைவிடும். 2019 டிசம்பரில் பல பழைய கருவிகளில் நெட்ஃப்ளிக்ஸ் நின்றது அப்படித்தான். லென்ஸை மாற்றலாம், நின்றுபோன செயலிக்குக் கோட்டியில் உதிரிபாகம் கிடைக்காது. தயாரிப்பாளர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள்: ஒப்போ 2018இல், அமெரிக்கச் சந்தையில் சாம்சங் 2019இல், எல்.ஜி. 2024இல். எனவே வீட்டில் அலமாரி நிறைய டிஸ்க் வைத்திருப்பவர் டிஸ்க்குக்கு ஒரு சாதாரண பிளேயரையும் ஸ்ட்ரீமிங்குக்குத் தனி ஸ்டிக்கையும் வாங்குவதே சிக்கனம். பழைய டிவியானால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. துளைகள் பிளேயரில் உண்டா, வி.சி.டி. ஓடுமா என்பதைக் கடையிலேயே டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். புதிய மாடல்கள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான்.

இரண்டும் சேர்ந்த பெட்டிதான் வேண்டும் என்பவருக்கு நல்ல விடையாக இப்போது நிற்பது ஒரு விளையாட்டுக் கருவி. 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவில் விற்பனை தொடங்கிய சோனி பிளேஸ்டேஷன் 5, புளூ-ரே, டி.வி.டி. டிஸ்க்குகளையும் ஓட்டும், ஓ.டி.டி. செயலிகளையும் தொடர்ந்து புதுப்பிக்கும். அறிமுக விலை டிஸ்க் துளை உள்ளதற்கு 49,990 ரூபாய், இல்லாததற்கு 39,990. அன்று பத்தாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கிய அந்தத் துளையில் பாட்டு சி.டி.யும் ஓடாது, பழைய வி.சி.டி.யும் ஓடாது.